வெர்முந்து என்னிடம் சொன்னது

படை போன மூன்றாம் ஆண்டு, மார்ச் 4

இன்று சாக்சனியர் வந்து சேர்ந்தார்கள். இருபத்திரண்டு ஆண்கள், ஒரு சிறுமி, நான்கு ஆடுகள்.

கப்பலில் வந்து கரையைக் கொள்ளையடிக்கிற கூட்டத்தை விரட்ட, அதே இனத்தில் ஆள் பிடித்து, இருக்க இடமும் உழ நிலமும் கொடுத்து வைத்துக்கொள்வது என்பது என் மாமனார் பத்தெர்னஸின் யோசனை. அவர்தான் இந்தக் கோட்டையின் தளபதி. தம்மோனியஸ் ஆகிய நான் துணைத்தளபதி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவரையும் குறை சொல்ல முடியாது. பிரித்தானியாவின் இந்தக் கரையைக் காக்க எங்களிடம் ஒரு காலத்தில் ஐந்நூறு பேர் இருந்தார்கள். மூன்று வருடம் முன்பு ஒரு தளபதி தன்னையே பேரரசன் என்று அறிவித்துக்கொண்டு, திடமாக நடக்கக்கூடிய வீரர்கள் அத்தனை பேரையும் கடலுக்கு அந்தப் பக்கம் காலியா தேசத்துக்கு அழைத்துப் போய்விட்டான். மிச்சம் அறுபத்தொரு பேர். முற்றத்தில் பெயர்ப் பட்டியல் வாசித்த அன்று என் பெயர் வரவில்லை. கோட்டையைப் பார்த்துக்கொள்ளப் பொறுப்பான ஆள் ஒருவன் வேண்டுமே, அதனால்தான்.

சாக்சனியரின் தலைவன் பெயர் வெர்முந்து. முப்பத்தைந்து வயதிருக்கும். நெட்டையன். மாமா அவனைச் சாப்பாட்டில் தன் வலப்பக்கம் உட்கார வைத்தார். ஒன்பது வருடமாக நான் உட்காரும் இடம். விருந்தாளி என்பதால் இன்று ஒருநாள் அப்படி.

அறிக்கை எழுத வாங்கிய மெல்லிய மரத்தகடுகள் பெட்டி நிறைய இருக்கின்றன. அறிக்கையை வாங்கிப் படிக்கத்தான் மேலே யாரும் இல்லை. எனக்காக எழுதலாம் என்று எடுத்தேன்.

மார்ச் 6

மழை. வடக்குக் கொத்தளத்தின் கூரை ஒழுகுகிறது. நான்கு ஓடு மாற்றினேன். அவன் இன்றும் அதே இடத்தில்தான் உட்கார்ந்தான்.

மார்ச் 11

ஆற்று முகத்தில் தண்ணீருக்கு அடியில் கூர்க்கழிகள் நட வேண்டும் என்று வெர்முந்து சொன்னானாம். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பிடும்போது எல்லோரிடமும் அதே பேச்சு.

"கடல் ஏத்தத்துல கழி வெளிய தெரியாது. கப்பல் வந்தா அடிவயிறு கிழிஞ்சிடும். இத்தனை வருஷமா நமக்கு ஏன் இது தோணவே இல்ல?"

எனக்குத் தோன்றியது. இரண்டு வருடம் முன்பு இதே மேசையில் சொன்னேன். "ஆளு ஏது மாப்பிள்ளே?" என்று கேட்டுவிட்டு மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். இன்று அதை நினைவூட்டவில்லை. அற்பமாகத் தெரியும்.

மார்ச் 14

சாக்சனியர் பன்னிரண்டு பேர் மூன்றே நாளில் நட்டு முடித்துவிட்டார்கள். வேலை சுத்தம். நானே படகில் போய்ப் பார்த்தேன். ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மார்ச் 17

வில்பியா சிரித்தாள்.

என் மனைவி சிரித்ததற்கு ஒரு குறிப்பா என்று படிக்கிறவர்கள் கேட்கலாம். படிக்கப்போவது நான் மட்டும்தான். எனக்குத் தெரியும்.

கிணற்று ராட்டினத்துக்குக் கொழுப்புத் தடவிக்கொண்டிருந்தேன். சமையல்கட்டுப் பக்கம் வெர்முந்து உப்பு கேட்டு நின்றான். லத்தீனில் உப்புக்கு என்ன சொல் என்று தெரியாமல் நாக்கை நீட்டிக் காட்டியிருக்கிறான். வில்பியா சொல்லைச் சொல்லிக் கொடுத்தாள். பிறகு அவன் கப்பலில் வந்த ஆடு ஒன்று பாயைத் தின்ற கதையைச் சொல்ல ஆரம்பித்தான். பாதி லத்தீன், பாதி கை ஜாடை. கப்பல் பாயில் ஓட்டை விழுந்த இடத்தில் அவன் ஆடு மாதிரியே மென்று காட்டினான். அப்போதுதான் அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.

பதினாறு மாதமாக நான் அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை. ராட்டினத்தில் கொழுப்பு அதிகமாகிவிட்டது. கயிறு வழுக்குகிறது.

மார்ச் 26

காலையில் முற்றத்தைக் கடக்கும்போது மஞ்சள் சட்டை போட்ட சிறுமி ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு கோழியைத் துரத்தினாள். என் கால் நின்றுவிட்டது. "சில்வியா" என்று கூப்பிட்டுவிட்டேன். யாருக்கும் கேட்டிருக்காது.

திரும்பினாள். வெர்முந்தின் மகள் பேகா. ஐந்து வயது, தாயில்லாத பெண்.

நேராக வில்பியாவிடம் போனேன்.

"அந்தச் சட்டைய எடுத்து யாரு குடுத்தது?"

"நான்தான். பெட்டியில கிடந்து பூச்சி அரிக்குது. அந்தக் குழந்தைக்குக் குளிருக்குப் போட ஒண்ணுமில்ல."

"என்னைக் கேட்டியா?"

"உங்ககிட்ட நான் எதைக் கேட்க முடியுது? அவ பேரையே சொல்லக் கூடாதுன்னு வச்சிருக்கீங்க."

அப்படி நான் எப்போதும் சொன்னதில்லை. அவள் பெயர் வரும்போது எழுந்து வெளியே போவேன், அவ்வளவுதான். போன வருடத்துக்கு முந்தைய இலையுதிர் காலத்தில் காய்ச்சல் வந்து நான்கு நாளில் போய்விட்ட குழந்தை. அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

"அவர் கேட்டார்," என்றாள் வில்பியா. "உங்களுக்குப் பிள்ளை இருந்துச்சான்னு கேட்டார். சொன்னேன். அவர் சம்சாரம் செத்ததைச் சொன்னார். வேற ஒண்ணுமில்ல. நீங்க அப்படிப் பாக்க வேண்டாம்."

நான் எப்படியும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 2

மாமாவுக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. பேசினால் மூச்சு வாங்குகிறது. படுக்கைக்குப் பக்கத்தில் என்னையும் வெர்முந்தையும் கூப்பிட்டார்.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா சண்டை விஷயத்தை இவர் பாத்துக்கட்டும். கிடங்கு, கணக்கு, சாவி எல்லாம் நீ பாத்துக்க மாப்பிள்ளே. நீ அதுல கெட்டிக்காரன்."

சரி என்றேன். அவன் என்னைப் பார்த்துத் தலை குனிந்தான். மரியாதைக்குத்தான் குனிந்திருப்பான். கேலி மாதிரி இருந்தது.

ஏப்ரல் 10

முக்கியமான நாள். வரிசையாக எழுதுகிறேன்.

வெர்முந்து எட்டாம் தேதியே ஒன்பது பேரோடு படகில் கிளம்பிப் போயிருந்தான். கரைக்கு வடக்கே அவனுடைய சித்தப்பன் ஒருவன் பெரிய கூட்டத்தோடு வந்து தங்கியிருப்பதாகச் சேதி. பார்த்து வர மாமாதான் அனுப்பினார். இன்று நடுப்பகலில் திரும்பி வந்தான். மாமா அப்போது வைத்தியர் கொடுத்த கசகசாக் கஷாயத்தைக் குடித்துவிட்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டார். வெர்முந்து படித்துறைக்கே என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். பேகா ஓடிவந்து அவன் இடுப்புக் கச்சையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, நேரம் இல்ல. தண்ணி வடியுது. நான் உடனே திரும்பணும்," என்றான். "பௌர்ணமிக்கு வராங்க. இன்னும் ஏழு நாள். இருபது கப்பல். ஆறு வழியா இல்ல. வடக்கே சதுப்பு ஓடை இருக்கே, அது வழியா. பெரிய ஏத்தத்துல அதுல கப்பல் ஓடும். உங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்."

"சதுப்புல கப்பலா?"

"ஓடும். பெரியவர்கிட்ட இப்பவே சொல்லுங்க. பொம்பளைங்க, குழந்தைங்களை உள்நாட்டு ஊருக்கு அனுப்பிடுங்க. என் ஆளு பன்னிரண்டு பேர் இங்க இருக்காங்க. அவங்களை விட்டு ஓடை வாயில கழி நடச் சொல்லுங்க. நான் சித்தப்பாகிட்ட போய்ப் பேசிப் பாக்கறேன். பேச்சு நடக்கலன்னா பின்னாடியே வந்துடுவேன்."

மகளின் தலையில் ஒரு முறை கையை வைத்துவிட்டுப் படகில் ஏறினான்.

யோசிக்கிறேன். கோட்டையைக் காலி செய்ய வைக்க இது ஒரு தந்திரமாகவும் இருக்கலாம். சித்தப்பனும் இவனும் பேசி வைத்துக்கொண்டு செய்வதாக இருக்கலாம். ஒரு பொறுப்பான அதிகாரி விசாரிக்காமல் இதைத் தளபதியிடம் கொண்டு போகக் கூடாது.

மாமா மாலையில் விழித்தார். பார்லிக் கஞ்சி குடித்தார். நன்றாக இருந்தார். கலைக்க மனம் வரவில்லை.

ஏப்ரல் 11

மாமா கேட்டார். "வெர்முந்து வந்தானா?"

"இல்ல மாமா."

வந்தான் என்றால் வந்து தங்கினான் என்று அர்த்தம். அவன் படித்துறையைத் தாண்டவே இல்லை.

"சொன்ன நாளுக்கு வந்துடுவானே. உனக்கு ஏதாவது தெரியுமா?"

"படகு ஒண்ணு வந்து போனதா காவல்ல இருந்தவன் சொன்னான். அவனோட ஆளுங்க மாதிரி இருந்துச்சாம். வடக்கே போயிட்டாங்களாம்."

மாமா ரொம்ப நேரம் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அந்த முகத்தைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒன்பது வருடத்தில் எனக்காக அவர் முகம் ஒருதரமும் அப்படி ஆனதில்லை.

ஏப்ரல் 12

மிச்சமிருக்கும் சாக்சனியர் பன்னிரண்டு பேரின் ஆயுதங்களைப் பறித்து, அவர்களைக் கிழக்குக் கூடத்தில் வைத்துப் பூட்டச் சொல்லி மாமா உத்தரவு போட்டார். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவராகவே முடிவு செய்தார். அவர்கள் எதிர்க்கவில்லை. ஏன், ஏன் என்று அவர்கள் பாஷையில் கேட்டுக்கொண்டே உள்ளே போனார்கள். பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். பூட்டு நல்ல பூட்டு.

வில்பியா பேகாவை எங்கள் அறைக்கு அழைத்து வந்துவிட்டாள்.

"அவர் காட்டிக்குடுத்துட்டுப் போயிட்டார்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க நம்பறீங்களா?"

"வேற என்ன நினைக்கிறது?"

"பெத்த பொண்ண இங்க விட்டுட்டா?"

நான் எழுந்தேன். வடக்குக் கொத்தளத்தில் வேலை இருந்தது.

ஏப்ரல் 13

நல்ல வெயில். வெங்காயப் பாத்தியில் களை எடுத்தேன். துணைத்தளபதி செய்கிற வேலை இல்லைதான். குனிந்தபடி இருந்தால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 14

ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது நீளமான கழி ஒன்றை எடுத்துக்கொண்டு தனியாகச் சதுப்பு ஓடைக்குப் போனேன். என் உயரத்துக்கு மேல் தண்ணீர். பௌர்ணமிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இன்னும் ஏறும்.

கப்பல் ஓடும்.

ஓடை நேராக வந்து முட்டுகிற இடம் எங்கள் வடக்கு மதில். அங்கேதான் கல் சரிந்துபோய், நான் பலகை அடித்து வைத்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது மேலங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். காற்று.

ஏப்ரல் 15

மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

இப்படிச் சொன்னேன்: நான் நாலு நாளாகச் சதுப்பைக் கவனித்து வருகிறேன், தண்ணீரை அளந்தேன், மீனவர்களை விசாரித்தேன், பௌர்ணமி ஏற்றத்தில் அந்த வழியாகத்தான் வருவார்கள். முழுக்கப் பொய் என்று சொல்ல முடியாது. தண்ணீரை அளந்தது நான்தான்.

மாமா எழுந்து உட்கார்ந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உன்னை இத்தனை நாளா நான் சரியாப் பாக்கலியே மாப்பிள்ளே. கண்ணு எங்க இருந்துச்சு எனக்கு?" கண்ணில் தண்ணீர். "அந்தத் துரோகிய நம்பி உன்னை ஓரத்துல உக்கார வச்சேனே."

இந்தச் சொற்களுக்காக நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று கடவுளுக்குத் தெரியும். கேட்கும்போது அவர் கையிலிருந்து என் கையை உருவிக்கொண்டு, போர்வையைச் சரி செய்தேன்.

"கிழக்குக் கூடத்துல இருக்கிறவங்களை என்ன பண்ணலாம்? கழி நட அவனுங்கதான் கெட்டிக்காரனுங்க."

"வேண்டாம் மாமா. நம்ப முடியாது."

ஏப்ரல் 16

நாற்பது பேரை அனுப்பிவிட்டோம். வண்டிகள் போதவில்லை. இன்னும் எழுபது பெண்களும் குழந்தைகளும் உள்ளே. ஓடை வாயில் பதினோரு கழிதான் நட முடிந்தது. அதிலும் நான்கு சாய்ந்துவிட்டன.

ஏழு நாள் இருந்திருந்தால் முடிந்திருக்கும். எழுத வேண்டியதில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 19, வழியில்

கோட்டை போய்விட்டது.

பதினேழாம் தேதி விடியற்காலை. கை நீட்டினால் கை தெரியாத மூடுபனி. துடுப்புச் சத்தம் மதிலுக்கு அடியிலேயே கேட்டது. பலகை அடித்த இடத்தைக் கோடரியால் பிளந்துகொண்டு வந்தார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு ஓடவே கால் கிடையாது. நின்ற இடத்தில் நின்று விழுந்தார்கள்.

மாமாவைத் தூக்கி வண்டியில் போட்டேன். அப்போது வில்பியா ஓடி வந்தாள். பேகாவை இடுப்பில் வைத்திருந்தாள்.

"சாவி குடுங்க."

"எதுக்கு?"

"உள்ள பன்னிரண்டு பேர் இருக்காங்க. கூரை பத்திக்கிச்சு."

"வில்பியா, அவனுங்க அவங்களோட..."

அவள் நான் முடிக்கும்வரை நிற்கவில்லை. இடுப்பில் கைவிட்டு இழுத்தாள். கச்சை அறுந்து சாவி அவள் கையோடு போனது. கூடத்தைத் திறந்தாள். பன்னிரண்டு பேரும் இருமிக்கொண்டே வெளியே வந்தார்கள். கையில் ஆயுதம் இல்லை. எரிகிற உத்தரத்துக் கட்டைகளை உருவிக்கொண்டார்கள். தங்கள் இனத்தார் பக்கம் ஓடியிருக்கலாம். பேகாவைப் பார்த்தார்கள். வில்பியாவையும் குழந்தைகளையும் சுற்றி நின்றுகொண்டு மேற்கு வாசலுக்கு நகர்த்தினார்கள்.

மேற்கே ஊருக்குப் போகும் பாதை சதுப்பின் நடுவே குறுகலான மண்கரை. அதன் முனையில் யாரோ ஏற்கெனவே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்துப் பேர், ஒரு படகு. இடுப்பளவு தண்ணீரில் நின்று, கரைமேல் ஏற வருகிறவர்களை அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பனி ஒருகணம் விலகியது. வெர்முந்து.

பின்னாடியே வருவேன் என்று சொல்லியிருந்தான்.

பன்னிரண்டு பேரும் அவனோடு போய்ச் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால்தான் வண்டிகள் அத்தனையும் தப்பி வந்தன. நான் மாமாவின் வண்டியை ஓட்டினேன். யாராவது ஓட்ட வேண்டுமே.

"அவன்தானே அது?" என்று மாமா தலையைத் தூக்கிக் கேட்டார். "எந்தப் பக்கம் நின்னு சண்டை போடறான்?"

"தெரியல மாமா. பனி."

ஏப்ரல் 20

மாமா இன்று காலை வண்டியிலேயே இறந்துவிட்டார். கடைசியாகத் தெளிவாகப் பேசியது இது: "நீ மட்டும் சொல்லலைன்னா எல்லாருமே செத்திருப்போம்."

பாதையோரம் ஒரு ஓக் மரத்தடியில் புதைத்தோம். வில்பியா அழவில்லை. மண்ணைப் போட்டுவிட்டு, பேகாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்தாள். ஊர் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 26

இந்த ஊருக்கு மதில் இருக்கிறது, மன்றம் இருக்கிறது, மதிலில் நிற்க வீரர்கள் இல்லை. பேரரசரிடமிருந்து வந்த கடிதத்தை மன்றத் தலைவர் புரோபஸ் படித்துக் காட்டினார். உதவி கேட்டு எழுதியதற்குப் பதில். உங்கள் ஊர்களை நீங்களே காத்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது. கிழவர் ஒருவர், "அப்ப நாம ரோமானியங்க இல்லியா?" என்று கேட்டார்.

அந்தக் கூட்டத்திலேயே என்னை மதில் காவலின் தலைவனாக ஆக்கினார்கள். கோட்டையைச் சாக்சனியன் காட்டிக்கொடுத்ததையும், ஆபத்தை நான் முன்கூட்டிக் கண்டுபிடித்ததையும் எங்கள் ஆட்கள் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சிவப்பு மேலாடை போர்த்தினார்கள். கை தட்டினார்கள்.

வில்பியா வரவில்லை. அவளும் குழந்தையும் தானியக் கிடங்கை ஒட்டிய தாழ்வாரத்தில் இருக்கிறார்கள். எனக்குக் கொடுத்த வீட்டில் மூன்று அறை. நான் மட்டும் இருக்கிறேன்.

மே 2

மத்தியானம் கிழக்கு வாசலில் கூச்சல். மதில்மேல் ஏறிப் பார்த்தேன். கீழே ஐந்து பேர். உடம்பெல்லாம் சேறும் காய்ந்த ரத்தமும். ஒருவனை இன்னொருவன் முதுகில் சுமந்திருந்தான். சுமந்தவன் வெர்முந்து.

ஊரே மதில்மேல் ஏறிவிட்டது. வில்லில் அம்பு வைத்துத் தயாராக நின்றார்கள்.

"இவன்தானே உங்க கோட்டையைக் காட்டிக்குடுத்தவன்?" என்று புரோபஸ் என்னைக் கேட்டார்.

நான் கீழே பார்த்தேன். அவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். முகம் மலர்ந்தது.

"ஐயா! ஜனங்க வந்து சேந்தாங்களா? என் பொண்ணு?"

அவன் சேதி கொண்டுவந்த அன்றே நான் மாமாவிடம் சொல்லிவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். பதினைந்து நாளாக அந்த நம்பிக்கையோடு நடந்து வந்திருக்கிறான்.

"ஏதோ பாசாங்கு பண்றான்," என்றார் புரோபஸ். "கதவைத் திறக்கக் கூடாது. அவன் பொண்ணு ஒண்ணு உள்ள இருக்காமே? அதையும் வெளிய அனுப்பிடுங்க. ஓநாய்க் குட்டிய வீட்டுல வளக்க முடியாது. அவங்க வாசல விட்டு நகரலன்னா அம்பு விடுங்க."

கூட்டம் விலகி வழிவிட்டது. வில்பியா வந்தாள். பேகாவைத் தூக்கிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் தொடவில்லை. அவளாகவே வாசலுக்குப் போகிற படியில் இறங்கினாள். நான் நின்ற இடத்தைக் கடக்கும்போது ஒருகணம் நின்று என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. கெஞ்சவும் இல்லை. கடையில் ஒரு சாமானை வாங்கலாமா வேண்டாமா என்று பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு இறங்கினாள்.

"அவன் காட்டிக்குடுக்கல," என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். கத்திச் சொன்னேன்.

"அவன் காட்டிக்குடுக்கல! பத்தாம் தேதியே வந்து எல்லாத்தையும் சொன்னான். என்கிட்டதான் சொன்னான். நான் அஞ்சு நாள் யாருக்கும் சொல்லல. வரவே இல்லன்னு என் மாமனார்கிட்ட பொய் சொன்னேன். அப்புறம் நானே கண்டுபிடிச்ச மாதிரி சொன்னேன். நீங்க தப்பிச்சு வந்தது அவன் அந்தக் கரையில நின்னதாலதான்."

எங்கள் கோட்டைப் பெண்கள் சிலர் அங்கேயே நின்றார்கள். கோட்டை விழுந்த காலையில் கணவனையும் மகனையும் இழந்தவர்கள். ஒருத்தியின் முகத்தை நான் பார்த்துவிட்டேன். இனி அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

"ஏன்?" என்று கேட்டார் புரோபஸ்.

நானே படியில் இறங்கிப்போய்த் தாழ்ப்பாளைத் தூக்கினேன். வெர்முந்து உள்ளே வந்தான். அவனுக்கு இப்போது லத்தீன் நன்றாகப் புரியும். மகளை வாங்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான்.

மே 3

மன்றம் என் மேலாடையை வாங்கிக்கொண்டது. தூக்கில் போட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். ஆள் குறைவாக இருப்பதால் வேண்டாம் என்று முடிவாயிற்று. மதிலுக்குக் கல் சுமக்கிறேன்.

மத்தியானம் வெர்முந்து வந்தான். எழுந்து நின்றேன்.

"என் ஆளு பதினேழு பேர் அந்தத் தண்ணியில," என்றான். மூக்கில் ஒரே குத்து. விழுந்தேன். மறுபடி குத்துவான் என்று காத்திருந்தேன். கையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் வில்பியா ஈரத்துணியோடு வந்தாள். என் தலையைப் பின்னால் சாய்த்து ரத்தத்தைத் துடைத்தாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"வர்ற வழியிலேயே. அப்பா படித்துறையில உங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுத்தானே போனாருன்னு பேகா கேட்டா."

"இத்தனை நாளா ஒண்ணும் கேக்கலியே."

"நீங்களா சொல்வீங்களான்னு பாத்தேன்."

"நேத்து சொல்லாம இருந்திருந்தா?"

துணியைப் பிழிந்தாள். தண்ணீர் சிவப்பாக வடிந்தது.

"குழந்தையைத் தூக்கிட்டு இறங்கினேனே. திரும்பி வர்றதுக்கா இறங்கினேன்?"

துணியை மறுபடி மூக்கில் வைத்தாள். பிறகு, இன்று சில்வியா இருந்திருந்தால் ஏழு வயது என்றேன். எழுந்து போகவில்லை. அவளும் துடைப்பதை நிறுத்தவில்லை. எலும்பு உடைந்திருக்கிறதாம், கோணலாகத்தான் ஒட்டுமாம்.

மே 11

கிழக்கே புகை தெரிகிறது. நாளையோ நாளன்றைக்கோ வந்துவிடுவார்கள். மதில் பொறுப்பை மன்றம் வெர்முந்திடம் கொடுத்திருக்கிறது. புரோபஸுக்கு அதில் இஷ்டமில்லை. ஆனால் சண்டை தெரிந்த வேறு ஆள் இல்லை.

காலையில் யாருக்கு எந்த இடம் என்று பிரித்துக் கொடுத்தான். கிழக்கு வாசல்தான் இருப்பதிலேயே மோசமான இடம். அதைத் தனக்கே வைத்துக்கொண்டான். பக்கத்தில் நிற்க யாரைப் போடுவது என்று கேட்டபோது என்னைக் காட்டினான்.

மற்றவர்கள் போன பிறகு கேட்டேன். "என்னை ஏன்?"

"மத்தவங்களுக்கு உன் பக்கத்துல நிக்கப் பயம்," என்றான். "எனக்கு இல்ல."

சொல்லிவிட்டு அம்புக் கட்டுகளை எண்ணப் போய்விட்டான்.

அவனை வெறுக்க இனி எனக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. ஆனாலும் அவன் அதைச் சொன்ன விதத்தைப் பார்த்தபோது அதே பழைய எரிச்சல் எழுந்தது. நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பொறாமைதான். இப்போது அந்தச் சொல்லை எழுத முடிகிறது.

கேடயத்தின் வார் அறுந்திருந்தது, தைத்துவிட்டேன். கிளம்புகிறேன். அவன் ஏற்கெனவே அங்கே நிற்கிறான்.